ஓர் அண்டா பானகம்

பண்டிகை நாளில் வீடு நிறைய உறவினர் வந்துவிட்டால், சமையலறையில் முதலில் எழுகிற கேள்வி சோற்றைப் பற்றியது அல்ல. குடிக்க என்ன கொடுப்பது என்பதுதான். சோறு ஆவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் குழந்தையுமாக வாசற்படி ஏறுகிறவரின் தாகம் அதுவரை காத்திருக்காது. காப்பி கொடுக்கலாம். ஆனால் காப்பி என்பது ஆளுக்கு ஆள் தனியாகக் கலக்க வேண்டிய வஸ்து. பெரியப்பாவுக்கு டிகாக்ஷன் தூக்கலாக, சித்திக்குச் சர்க்கரை பாதியாக, மாப்பிள்ளைக்கு நுரை பொங்க. இப்படி இருபது பேருக்குக் கலந்து முடிப்பதற்குள் முதலில் குடித்தவருக்கு இரண்டாம் காப்பி வேளை வந்துவிடும். ஆகவே, ஒரே பாத்திரத்தில் ஒரே தடவையாகக் கலந்து வைத்து, வருகிறவருக்கு வந்தபடி மொண்டு கொடுக்கக்கூடிய ஒரு பானம் வேண்டும். கூட்டுக் குடும்பம் இருந்த தேசங்களிலெல்லாம் இந்தத் தேவை இருந்திருக்கிறது.

ஆங்கிலேயர் இதற்குக் கண்ட வழிக்குப் 'பஞ்ச்' என்று பெயர். கிறிஸ்துமஸ் விருந்திலும் கல்யாண விருந்திலும் ஒரு பெரிய கிண்ணம் நிறையப் பழரசம் கலந்து, மேலே பழத்துண்டுகளை மிதக்கவிட்டு, அகப்பையால் மொண்டு ஊற்றுவார்கள். இது ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சொல் எழுத்தில் வந்ததற்கு மிகப் பழைய சான்றாகக் காட்டுவது 1632ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றை. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர், சோழமண்டலக் கரையின் வட பகுதியில் பெத்தபள்ளி என்ற துறைமுகத்தில் இருந்த கம்பெனி வியாபாரிக்கு எழுதியது. அந்தத் துறைமுகத்தை இன்று நிசாம்பட்டினம் என்கிறார்கள். அதே நூற்றாண்டில் இந்தியாவில் சுற்றிய ஜான் பிரையர் என்ற வைத்தியர், 1698இல் அச்சான தம் பயண நூலில், ஐந்து பொருள்கள் சேர்வதால்தான் இந்தப் பெயர் என்று எழுதினார். ஐந்தைக் குறிக்கும் நம் 'பஞ்ச'வேதான். பீப்பாயைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. மொழி ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தீர்த்துக்கொள்ளட்டும். ஐந்து பொருள்கள் என்ன என்பதே நமக்கு வேண்டியது: சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைச் சரக்கு.

இந்த ஐந்தில் சாராயத்தைக் கீழே கொட்டிவிட்டு, சர்க்கரைக்குப் பதில் வெல்லத்தைப் போடுங்கள். மிஞ்சுவது ராமநவமிப் பானகம். நம்மிடமிருந்துதான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று மார்தட்ட நான் வரவில்லை. எலுமிச்சையும் இனிப்பும் தண்ணீரும் வெயிலும் இருக்கிற ஊரில், இவற்றைக் கலந்து குடிப்பதற்கு யாரும் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. 

எங்கள் வீடு காவிரிப் பாசனத்தில் ஒரு சின்னக் கிராமத்தில் இருந்தது. பாட்டியின் பிள்ளைகளும் பெண்களும் உத்தியோகத்தை முன்னிட்டு ஊர் ஊராகச் சிதறிப் போயிருந்தாலும், ராமநவமிக்கு மட்டும் எல்லாரும் வந்துவிட வேண்டும் என்பது சட்டம். தீபாவளிக்கு வராதவரைக்கூடப் பாட்டி மன்னிப்பாள். தீபாவளி ஐப்பசி மழையில் வருகிறது. ரயில் தாமதம் என்று சொன்னால் நம்பலாம். பங்குனி வெயிலில் வராததற்கு என்ன சாக்குச் சொல்ல முடியும்?

அன்று காலை எட்டு மணிக்கெல்லாம் கூடத்தில் பானக வேலை ஆரம்பமாகிவிடும். வீட்டாருக்கும் தெருவுக்குமாக நூறு பேர் கணக்கு. இரண்டு வீசை வெல்லம். வீசை என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இப்போதைய கணக்கில் ஏறக்குறைய 1,400 கிராம். வெல்லத்தை அம்மிக் குழவியால் நுணுக்கிப் பச்சைத் தண்ணீரில் கரைப்பார்கள். அடுப்பில் ஏற்றக்கூடாது, ஏற்றினால் பாகு வாசனை வந்துவிடும் என்பாள் பாட்டி. கரைந்த பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவதுதான் முக்கியம். துணியில் தங்குகிற மணலையும் கரும்புச் சக்கையையும் பார்த்தால், இத்தனையும் வெல்லத்தோடு நாம் காசு கொடுத்து வாங்கியதா என்று வருத்தமாக இருக்கும். சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, மிளகு கொஞ்சம் பொடித்துத் தூவி, பச்சைக் கற்பூரம் கடுகளவு சேர்த்து, எலுமிச்சம்பழம் கடைசியில் பிழிய வேண்டும். வெகுநேரம் முன்னால் பிழிந்துவிட்டால் அந்தப் புது வாசனை போய்விடுகிறது.

அண்டா பித்தளை. அதற்குச் சில நாள் முன்பே, 'ஈயம் பூசறது!' என்று கூவிக்கொண்டு வருகிறவரைத் திண்ணையில் உட்கார்த்தி, உட்புறம் பளபளவென்று ஈயம் பூசி வாங்கியிருப்பார்கள். பூசாத பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறி, குடித்தவருக்கு வயிற்றைப் பிரட்டும். இந்த ரசாயனத்தைப் பாட்டி எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. ஆனாலும் பூச்சை விரலால் தடவிப் பார்க்காமல் அண்டாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட மாட்டாள்.

புளிப்பைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு நெடுங்காலத் தகராறு இருந்தது. என் தாயார் திருநெல்வேலிச் சீமைக்காரி. அங்கே இதற்குப் 'பானக்காரம்' என்று பெயர். எலுமிச்சைக்குப் பதில் புளியைக் கரைத்து ஊற்றுவார்கள். அம்மன் கொடைகளில் கருப்பட்டி போட்டும் செய்வதுண்டு. கல்யாணமாகி வந்த முதல் வருஷம், "எங்க ஊர்ல புளிதான் அத்தை ஊத்துவாக" என்று அம்மா பயந்து பயந்து சொல்லியிருக்கிறாள். பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது பானகம் இல்லேடி. ரசத்திலே வெல்லம் விழுந்த கதை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அந்தத் தீர்ப்பு பல வருஷம் அமலில் இருந்தது. பிறகு ஒரு பங்குனியில் எலுமிச்சம்பழம் விலை ஏறி, சந்தையில் கண்ணில் படாமலே போயிற்று. பாட்டி சற்று நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, உன் புளியைக் கரை" என்றாள். அன்று பாட்டி இரண்டு டம்ளர் குடித்ததை எல்லாரும் பார்த்தோம். அம்மா மட்டும் பார்க்காதது போல் இருந்துவிட்டாள். புகுந்த வீட்டில் பிழைக்கத் தெரிந்தவள்.

இதுவரை சொன்னதெல்லாம் கூடத்துச் சமாசாரம். வாசலில் நடந்தது வேறு.

பதினோரு மணிக்கு அண்டாவைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். வழியோடு போகிறவர் யாராயிருந்தாலும் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் அன்றைய தர்மம். கொடுக்கவும் செய்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுவதும் பொய்யாகிவிடும். உறவினருக்கு வெள்ளி டம்ளர். தெருக்காரருக்குப் பித்தளை டம்ளர். எங்கள் வயலில் உழுது நட்டவர்களுக்கு டம்ளரே இல்லை. திண்ணைக்குக் கீழே, தெருவில், இரண்டு கையையும் குவித்துக்கொண்டு குனிந்து நிற்பார்கள். மேலேயிருந்து செம்பால் ஊற்றுவார்கள். பாதி வாய்க்குப் போகும். பாதி முழங்கை வழியாக மண்ணில் ஒழுகும். அப்போது எனக்குப் பத்து வயதுக்குள் இருக்கும். அந்த ஈர மண்ணில் எறும்பு மொய்ப்பதை வேடிக்கை பார்த்தது நினைவிருக்கிறது. தீண்டாமையை ஒழித்ததாக 1950ஆம் வருஷத்து அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. அதைக் குற்றமாக்கித் தண்டனை விதிக்கிற சட்டமும் 1955இல் வந்துவிட்டது. டில்லியிலிருந்து எங்கள் திண்ணைக்கு வந்து சேர அவற்றுக்கு இன்னும் சில வருஷங்கள் பிடித்தன.

கொண்டுவந்து சேர்த்தவள் என் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. ஆசிரியைப் பயிற்சி முடித்து, டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அந்த வருஷம் ராமநவமிக்கு முதல் நாள் வேளார் வீட்டுக்குப் போய், நூற்றிருபது சின்ன மண் கலயம் வாங்கி, வண்டியில் வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். தன் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது.

பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "வெள்ளி டம்ளர் இருக்கிற வீட்டிலே மண் கலயமா? பார்க்கிறவங்க சிரிக்க மாட்டாங்களா?" என்றாள்.

"வெள்ளி டம்ளர் பதினாறுதான் இருக்கும்மா. வர்றவங்க நூறு பேர். பதினாறு பேருக்கு ஒரு மாதிரி, மத்தவங்களுக்கு ஒரு மாதிரின்னா, மொண்டு கொடுக்கிற எனக்குக் கணக்குக் குழம்பிப் போகும்" என்றாள் அத்தை.

அவள் பிரசங்கம் செய்யவில்லை. காந்தியின் பெயரையோ சட்டத்தின் பெயரையோ எடுக்கவில்லை. அண்டாவைத் திண்ணையிலிருந்து இறக்கித் தெருவில் வேப்பமரத்து நிழலில் வைக்கச் சொன்னாள். பெரியப்பாவுக்கும் கலயம், வண்டிக்காரருக்கும் கலயம். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். எந்தக் கலயத்தில் யார் குடித்தார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

பெரியப்பா அந்த வருஷம் பானகம் குடிக்கவில்லை. தலைவலி என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அடுத்த வருஷமும் தலைவலி வந்தது. மூன்றாம் வருஷம் பங்குனி வெயில் அவருடைய கொள்கையைவிடக் கடுமையாக இருந்தது. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் ஒரு கலயத்தை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு மறக்காதது அது அல்ல. எங்கள் வயலில் நாற்பது வருஷம் வேலை செய்த பெரியவர் ஒருவர், முதல் வருஷம் அத்தை நீட்டிய கலயத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்று குடித்தார். குடித்துவிட்டு, வாய்க்காலில் கலயத்தைக் கழுவி, மரத்தடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். கழுவ வேண்டியதில்லை, எறிந்துவிடலாம் என்று அத்தை சொல்லியும் கேட்கவில்லை. எறிகிற உரிமைகூடத் தமக்கு வந்துவிட்டது என்று நம்ப அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பெரியவர் கடைசி வரையில் எங்கள் திண்ணையில் உட்கார்ந்தவரும் அல்ல. கலயம் ஒன்றாகிவிட்டால் எல்லாம் ஒன்றாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் டீக்கடைகளில் ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், ஒருவருக்கு அலுமினியக் குவளை என்று வைத்திருந்த 'இரட்டைக் குவளை' சங்கதி, அதற்குப் பல பத்து ஆண்டுகள் கழித்தும் பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருந்தது.

இதனால்தான் பொதுப் பானத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால், பாத்திரத்தைப் பற்றி நான் கேட்பதில்லை. டம்ளரைப் பற்றிக் கேட்கிறேன். ஒரே அண்டாவில் கலப்பது சுலபம். அது சமையல். அதை ஒரே மாதிரி கொடுப்பதில்தான் குடும்பம் என்பதும் ஊர் என்பதும் தெரியவருகிறது.

நம் ஜனங்களுக்கு இது தெரியாமலும் இல்லை. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். அந்த நெரிசலில் யார் என்ன என்று கேட்க யாருக்கும் அவகாசம் கிடையாது. தஞ்சைப் பக்கத்தில் மொகரம் பண்டிகையை 'அல்லாசாமி பண்டிகை' என்று இந்துக்களே கொண்டாடிப் பானகம் வழங்குகிற கிராமம் இருக்கிறது. ஆந்திரத்தில் விஜயவாடாவுக்குப் பக்கத்தில் மங்களகிரி என்ற ஊரில், மலைமேல் இருக்கிற நரசிம்மருக்குப் பானகமே நைவேத்தியம். பானகால நரசிம்மர் என்றே பெயர். சந்நிதியில் திறந்த வாய் ஒன்றுதான் தெரியும். அர்ச்சகர் சங்கில் மொண்டு ஊற்றுவார். எவ்வளவு கொண்டுபோனாலும் ஸ்வாமி பாதியை ஏற்றுக்கொண்டு பாதியைத் திருப்பிவிடுவார் என்பது நம்பிக்கை. அந்தப் பாதி பக்தருக்குப் பிரசாதம். அது உண்மையா என்று அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்கள் கெட்டிக்காரர்கள் என்றுதான் தோன்றுகிறது. கடவுளே பாதியோடு நிறுத்திக்கொள்ளும்போது, மற்றவர்கள் பங்கிட்டுக் குடிப்பதற்குத் தடை சொல்ல யாரால் முடியும்?

இப்போது எங்கள் குடும்பம் கிராமத்தில் இல்லை. ராமநவமிக்கு லீவு கிடைக்காதவர்கள் அதிகமாகிவிட்டதால், சித்திரை முதல் தேதியன்று யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். சென்ற வருஷம் என் பேத்தி பானகத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். அன்னாசியும் ஆரஞ்சும் பிழிந்து விட்டு, மாதுளை முத்துக்களையும் கம்பம் பன்னீர்த் திராட்சையையும் மிதக்கவிட்டு, "இது நம்ம ஊர்ப் பஞ்ச், தாத்தா" என்றாள். சுக்கும் வெல்லமும் அன்னாசியோடு நன்றாகவே சேருகின்றன. புளிக்கு இடம் கொடுத்த குடும்பம் அன்னாசிக்கு இடம் கொடுக்காதா?

ஆனால் வேறொரு பிரிவினை வந்து சேர்ந்திருக்கிறது. கூடுகிறவர்களில் பெரியவர்கள் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. வெல்லம்தானே, வெள்ளைச் சர்க்கரை இல்லையே என்று வாதாடிப் பார்க்கிறவர்கள் உண்டு. இனிமையான வாதம்தான். ஆனால் வெல்லத்திலும் பெரும் பங்கு அதே கரும்புச் சர்க்கரை. ரத்தத்துக்கு நிறபேதம் தெரியாது. பழரசமும் அந்த விஷயத்தில் சாது அல்ல. அதனால் அவர்களுக்கென்று ஒரு மூலையில் தனிக் கிளாஸ், தனி மாத்திரைச் சர்க்கரை என்று யாரோ ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் எண்பதைத் தாண்டிவிட்ட அத்தை, நாற்காலியில் இருந்தபடியே அந்தத் தனிக் கிளாஸைப் பார்த்தாள்.

"இது எதுக்குடா எனக்கு மட்டும்?" என்றாள்.

பதில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்தது. ராமநவமியன்று பானக அண்டாவுக்குப் பக்கத்தில் எப்போதும் நீர்மோர்ப் பானை இருக்கும். இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு, கொஞ்சம் பெருங்காயம். இனிப்பு ஆகாதவருக்கு அது. முன்னோர் வியாதியை நினைத்து வைத்தார்களோ, வெயிலை நினைத்து வைத்தார்களோ, இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள். அன்றைக்கும் நீர்மோர் கரைத்தோம். பானகம் குடிக்கிறவர்களுக்கும் நீர்மோர் குடிக்கிறவர்களுக்கும் ஒரே மாதிரி டம்ளர். எதில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால்தான் தெரியும். அத்தை உள்ளங்கையில் ஒரு சொட்டுப் பானகம் மட்டும் வாங்கி நக்கிப் பார்த்து, "சுக்கு போதாது" என்றாள். உண்மையிலேயே போதவில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக அளவைச் சொல்லிவிடுகிறேன். 40 பேருக்கு, ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் வீதம், 6 லிட்டர் தண்ணீர், 1,200 கிராம் வெல்லம், எலுமிச்சம்பழம் 8, ஏலக்காய் 20, சுக்குப் பொடி 3 டீஸ்பூன், மிளகுப் பொடி அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வெல்லம் கறுப்பாக இருந்தால் அழகில்லை என்று தள்ளிவிடாதீர்கள். மஞ்சளாக மினுக்குவது, வெளுக்க மருந்து போட்ட சரக்காக இருக்கக்கூடும். பழம் மிதக்கவிடுவதானால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் போடுங்கள். மண்பானை கிடைத்தால் ஐஸ் வேண்டியதில்லை.

40 பேர் என்று கணக்குப் போட்ட வீட்டுக்கு 50 பேர் வருவார்கள். அதுதான் பண்டிகைக்கு அடையாளம். அப்போது தண்ணீரை மட்டும் கூட ஊற்றிச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் முதலில் வந்தவருக்குப் பானகமும், கடைசியில் வந்தவருக்கு வெல்லம் கழுவிய தண்ணீரும் என்று ஆகிவிடும். கடைசியில் வருகிறவர்தான் வெகு தூரத்திலிருந்து வெயிலில் வருகிறவர். பாட்டி கால் வீசை வெல்லத்தையும் ஐந்தாறு எலுமிச்சம்பழத்தையும் முதலிலேயே எடுத்து உறியில் வைத்துவிடுவாள். யார் கேட்டாலும் எடுக்க விட மாட்டாள். உங்கள் வீட்டில் உறி இருக்காது. அலமாரியில் வையுங்கள். எதற்கு என்று கேட்டால், இன்னும் ஆள் வரவேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள்.